மானாவாரி மேய்ச்சல் நிலத்துக்கு உரமிட்டும் பயனில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஒரு காலத்தில் கேழ்வரகும் சாமையும் விளைந்த செம்மண் மேடுகள் பல, இன்று தானாக முளைத்த புல்லோடு மேய்ச்சல் நிலமாகக் கிடக்கின்றன. பென்னாகரம், பாலக்கோடு, தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கங்களில் அந்தப் புல்லைப் பெருக்க உர மூட்டையை நம்புகிறவர்கள் ஒவ்வொரு மழைப் பருவத்திலும் ஏறக்குறைய ஒரே வகைக் குறைகளைச் சொல்கிறார்கள். அக்குறைகளை அறிகுறி வாரியாகக் கீழே தொகுத்திருக்கிறேன். ஒவ்வோர் அறிகுறியின் கீழும் காசு செலவில்லாத காரணம் முதலிலும், செலவு மிகுந்தது கடைசியிலும் வருகிறது. இந்த வரிசையைத் தாண்டிப் போகாமல் சரிபார்த்தால், பலருக்கு இரண்டாவது மூட்டை வாங்கும் தேவையே வராது. இங்கே சொல்வது சொந்தப் பட்டா நிலத்துக்கு மட்டுமே பொருந்தும். காப்புக்காட்டு ஓரத்து நிலமாக இருந்தால், எல்லைக் கல்லைத் தாண்டி உரமோ விதையோ தூவக் கூடாது.

## முதலில் உயிர்: உரமிட்ட நிலத்தில் மேய்ந்த மாடு தள்ளாடுகிறது, நுரை தள்ளுகிறது

இந்த அறிகுறி தென்பட்டால் மற்றவற்றைப் படிக்க வேண்டாம். மந்தையை உடனே அந்த நிலத்திலிருந்து வெளியே ஓட்டிவிட்டு, 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணையோ பக்கத்துக் கால்நடை மருத்துவரையோ அழையுங்கள். மருத்துவர் வந்து சேரும் வரை உங்கள் வேலை, மாடு எதைத் தின்றது, எப்போது தின்றது என்பதைத் தெளிவாகச் சொல்வதுதான். ஏனென்றால் பார்வைக்கு ஒன்றுபோல் தெரியும் மூன்று நஞ்சுகளுக்கு மூன்று வேறு மருந்துகள் இருக்கின்றன.

சிந்திக் கிடந்த யூரியாக் குருணையை நக்கியிருந்தாலோ, யூரியா சாக்கு அலசிய தொட்டியில் தண்ணீர் குடித்திருந்தாலோ, பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே தசைத் துடிப்பும் வாயில் நுரையும் பல் கடிப்பும் வயிற்று உப்புசமும் தோன்றும். யூரியா இட்ட பிறகு மழை நின்று புல் வாடிக் கிடந்து, அடுத்த தூறலில் திடீரெனத் துளிர்த்த நிலத்தில் மேய்ந்திருந்தால், அது நைட்ரேட் நஞ்சாக இருக்கலாம். மேய்ந்த சில மணி நேரத்தில் மூச்சு இரைக்கும், ஈறும் கண்ணிமையின் உட்புறமும் நீலம் பாய்ந்த பழுப்பாகும், இரத்தம் சாக்லேட் நிறத்தில் இருக்கும். வரப்போரத்தில் வாடி நின்ற சோளத்தையோ, அறுத்த சோளத்தின் மறுதுளிரையோ கடித்திருந்தால் சயனைடு நஞ்சு. இதில் இரத்தம் பளிச்சென்ற சிவப்பாக இருக்கும்.

யூரியாதான் என்று உறுதியானால், மாடு நின்றுகொண்டு, விழுங்கும் நிலையில் இருக்கும்போது, குளிர்ந்த நீரோடு வினிகர் கொடுப்பது முதலுதவியாக உதவும். அளவை மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டுக்கொண்டே கொடுங்கள். படுத்துவிட்ட மாட்டின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் போய், நஞ்சுக்கு முன்பே உயிரை எடுத்துவிடும்.

தடுப்பு எளிது. யூரியா தூவிய நிலத்தை 3 வாரம் மூடி வையுங்கள். அதற்குள் குருணை முழுதும் கரையும்படி மழை பெய்யவில்லையென்றால், பெய்யும் வரை மூடியே வையுங்கள். மூட்டை பிரித்த இடத்தில் சிந்திய குருணையை மண்ணோடு வாரி எடுத்துவிடுங்கள்.

## உரம் போட்டும் புல் எழும்பவே இல்லை

அதிகம் கேட்கப்படும் குறை இதுதான். காரணங்களும் இதற்குத்தான் அதிகம்.

### மழைக்கும் தூவலுக்கும் நாள் பொருந்தியதா?

காய்ந்த மண்ணில் தூவிய யூரியா பயிருக்குச் சேருவதில்லை. காலைப் பனியின் ஈரத்தில் குருணை இளகி, வெயில் ஏறியதும் அம்மோனியா வாயுவாகப் பறந்துவிடுகிறது. தூவிய ஓரிரு நாளில், விடிந்த சிறிது நேரத்தில் புல்லடியில் குனிந்து முகர்ந்தால், கழுவாத கட்டுத்தறியின் வாடை மூக்கைக் குத்தும். அந்த வாடைதான் நீங்கள் கடையில் கொடுத்த பணம். சிறு தூறல் இதைத் தடுப்பதில்லை, கரைத்து விட்டுக் காயவைத்து இழப்பைக் கூட்டவே செய்யும். தூவிய ஓரிரு நாளுக்குள் குருணையை மண்ணுக்குள் இறக்க 10 முதல் 15 மில்லிமீட்டர் மழையாவது தேவை.

சித்திரையில் பெய்யும் கோடை மழையை நம்பி யூரியா தூவ வேண்டாம். நம் பகுதியில் மழை வலுப்பது ஆவணி முதல் ஐப்பசி வரையில்தான். முதல் மழையில் புல் துளிர்த்து ஒரு சாண் எழுந்த பிறகு, மண்வெட்டியால் கொத்திப் பார்த்தால் நான்கு விரல் ஆழத்துக்கு ஈரம் இருக்க, மேலும் மழை வரும் அறிகுறி தெரியும் நாளே யூரியாவுக்கு உரிய நாள்.

### நிலத்துக்கு ஓய்வு கிடைத்ததா?

உரமிட்ட நிலத்தில் நாள்தோறும் ஆடு மேய்ந்தால், துளிர் வெளியே வரும்போதே கடிபட்டுப் போகும். நிலம் வெறுமையாகத் தெரிவதால் உரம் பிடிக்கவில்லை என்று தோன்றும். இதைச் சரிபார்க்கக் காசு வேண்டாம். நிலத்தின் நடுத்தரமான ஓர் இடத்தில் 10 அடிக்கு 10 அடி முள் வெட்டி அடைத்து, ஒரு மழைப் பருவம் விட்டுவிடுங்கள். உள்ளே முழங்கால் உயரம் புல் நின்று வெளியே நிற்கவில்லையென்றால், உங்கள் நிலத்துக்குக் குறைவது ஓய்வே தவிர உரமல்ல. நிலத்தை மூன்று அல்லது நான்கு பாகமாக்கிச் சுழற்சியாக மேய விடுங்கள். நான்கு விரல் உயரத் தாள் மிஞ்சும்போதே மந்தையை அடுத்த பாகத்துக்கு மாற்றுங்கள். ஆண்டில் ஒரு பாகமாவது விதை பழுத்து உதிரும் வரை மூடிக் கிடக்க வேண்டும். உர மூட்டையைப் பிரிக்கும் முன் இந்த ஒன்றைச் செய்து பார்க்க வேண்டும் என்று கேட்கும் எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன்.

### உரத்துக்கு எழும் புல்தானா?

நிலத்தின் குறுக்கே 100 அடி எடுத்து வைத்து நடந்து, ஒவ்வோர் அடியிலும் கால் பெருவிரல் நுனி எதைத் தொடுகிறது என்று எண்ணுங்கள்: பல்லாண்டுப் புல், ஓராண்டுப் புல், களை, வெறும் மண். கொழுக்கட்டைப்புல் போன்ற தூர் கட்டும் பல்லாண்டுப் புல் கால் பங்குக்கும் குறைவாக இருந்தால், இடும் உரம் பெரும்பாலும் களைக்கும் குறுகிய நாளில் காய்ந்துபோகும் ஓராண்டுப் புல்லுக்குமே போகும். அந்த நிலத்தில் முதல் செலவு விதைக்கு. கோ 1 என்ற நீலக் கொழுக்கட்டைப்புல் ரகம் நம் செம்மண்ணுக்கு ஒத்துவரும். ஆனால் அறுவடை செய்த கையோடு அதன் விதை முளைக்காது, 6 முதல் 8 மாதம் வைத்திருந்த விதையையே கேட்டு வாங்க வேண்டும். வெறும் மண்ணாகத் தெரியும் திட்டுகளில் புரட்டாசியில் பையூர் 2 ரகக் கொள்ளுப் பயற்றைத் தூவிவிட்டால், மண்ணும் மூடும், மாட்டுக்கும் ஆகும்.

### மண் ஆழம் இருக்கிறதா?

கடப்பாரையால் பல இடங்களில் குத்திப் பாருங்கள். ஒரு சாணுக்குள் பாறை தட்டினால் அந்த மேடு ஈரத்தை ஒரு வாரம்கூடப் பிடிக்காது. அங்கே எந்த உரமும் வீண் என்றே கொள்ளலாம். சரிவின் குறுக்கே கல் அணையும் மண் வரப்பும் போட்டுத் தண்ணீரை நிறுத்துவதுதான் அங்கே செய்யத்தக்க வேலை. வெள்ளைச் சுக்கான் கல் வந்தால், அதன்மேல் எலுமிச்சைச் சாறு பிழியுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு மண். அத்தகைய மண்ணில் மேலே தூவிய யூரியா இன்னும் வேகமாகப் பறந்துவிடும், மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) வேருக்குக் கிடைக்காமல் மண்ணில் பிடிபட்டுப் போகும். அங்கே நேரடியாகத் தூவும் சூப்பர் பாஸ்பேட்டுக்குப் பதில் எருவோடு ஊட்டமேற்றியதைப் (செய்முறை கீழே) பயன்படுத்துங்கள்.

### எந்தச் சத்து குறைகிறது?

மேலே சொன்ன நான்கும் சரியாக இருந்தும் புல் எழும்பவில்லையென்றால்தான் சத்துக் குறை என்று பேச வேண்டும். பக்கம் பக்கமாக நான்கு சென்ட் இடத்தைக் கயிறு கட்டி அளந்து, முள் அடையுங்கள். ஒரு சென்ட் என்பது ஏறக்குறைய 21 அடிச் சதுரம். முதல் சதுரத்தில் எதையும் போடாதீர்கள். இரண்டாவதில் மணிச்சத்து தரும் சூப்பர் பாஸ்பேட் 1 கிலோ, மூன்றாவதில் 220 கிராம் யூரியா, நான்காவதில் இரண்டும். ஆறு வாரம் கழித்து ஒவ்வொரு சதுரத்தின் புல்லையும் தனித்தனியாக அறுத்து, தனித்தனியாகக் காயவைத்து எடை போடுங்கள். பச்சையின் அடர்த்தி கண்ணை ஏமாற்றும், தராசு ஏமாற்றாது. யூரியாச் சதுரத்துக்கும் எதுவும் இடாத சதுரத்துக்கும் எடை வேறுபாடு இல்லாமல், இரண்டும் சேர்த்த சதுரம் மட்டும் கூடுதலாகத் தந்தால், மணிச்சத்துதான் தடை.

இதே அளவை ஏக்கருக்கு விரித்தால் சூப்பர் பாஸ்பேட் 2 மூட்டை, யூரியா அரை மூட்டை. மண் பரிசோதனையில் சாம்பல் சத்து குறைவு என்று வந்தால் மட்டும் 13 கிலோ பொட்டாஷ் சேர்த்துக்கொள்ளலாம். மானாவாரிக் கொழுக்கட்டைப்புல்லுக்கு இந்த அளவே போதும். பாசனம் செய்த தீவனப்புல்லுக்குச் சொல்லும் அளவை மேட்டுக் கொல்லையில் போடுவது, மழை தவறும் ஆண்டில் மாட்டுக்கே கேடாக முடியும். சூப்பர் பாஸ்பேட்டைத் தனியாகத் தூவுவதைவிட, ஏக்கருக்கான அளவை 300 கிலோ மக்கிய எருவோடு கலந்து, ஈரப்படுத்திக் குவித்து, மேலே சேறு பூசி ஒரு மாதம் வைத்திருந்து, முதல் மழையோடு இடுவது நல்லது. மணிச்சத்து மண்ணில் நகராது என்பதால், அதைக் காலம் தாழ்த்தி இட்டால் அந்தப் பருவத்தில் வேருக்குக் கிடைக்காது.

நிபுணரிடம் செல்ல வேண்டிய கட்டம்: நான்கு சதுரமும் ஒரே எடை காட்டினால், நீங்கள் இட்ட இரண்டும் அல்லாத வேறொன்று தடையாக இருக்கிறது. மரத்தடி, சாணக் குவியல், வேலியோரம் தவிர்த்துப் பல இடங்களில் அரையடி ஆழம்வரை ‘வி’ வடிவக் குழி வெட்டி மண் எடுத்து, கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பாகங்களை விலக்கி விலக்கி அரைக் கிலோவாக்கி, வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். அறிக்கையோடு தருமபுரிக்காரர்கள் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தையும், கிருஷ்ணகிரிக்காரர்கள் எலுமிச்சங்கிரி வேளாண் அறிவியல் நிலையத்தையோ பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்தையோ அணுகலாம்.

## திட்டுத் திட்டாகப் பச்சை

திட்டுகள் வட்டமாக, ஒழுங்கில்லாமல் சிதறியிருந்தால் அவை சாணமும் மூத்திரமும் விழுந்த இடங்கள், குறை ஏதுமில்லை. இன்னும் சொன்னால், அவை உங்கள் நிலம் தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) ஏங்குகிறது என்பதற்கு இலவசச் சான்று. நீளமான பட்டைகளாகத் தெரிந்தால் தூவிய கை சீராக இல்லை. அடுத்த முறை உரத்தை இரண்டாகப் பிரித்து, பாதியை நெடுக்கிலும் பாதியைக் குறுக்கிலும் தூவுங்கள், யூரியாவோடு இரு மடங்கு ஈர மணல் கலந்துகொண்டால் கை நிதானமாகும். மேடு வெளுத்துப் பள்ளம் மட்டும் பச்சையாக இருந்தால், மழை உரத்தை அடித்துக்கொண்டு போயிருக்கிறது. சரிவுக்குக் குறுக்கே வரப்பு போடும் வரை அந்த மேட்டுக்கு உரம் வேண்டாம்.

## உரமிட்ட மூன்றாம் நாள் நுனி கருகுகிறது

இலை ஈரமாக இருக்கும்போது யூரியா தூவினால் குருணை ஒட்டிய இடம் எரியும். பனி காய்ந்த பிறகு, பிற்பகலில் தூவினால் இது வராது. கருகல் இலையோடு நின்று, குருத்து பச்சையாக இருந்தால் அடுத்த மழையில் புல் தேறிவிடும். குருத்தே மஞ்சளாகி இழுத்தால் கையோடு வந்தால், அளவு மிஞ்சிவிட்டது அல்லது வேர் ஈரமின்றிக் காய்கிறது. அதற்கு மேல் எதையும் இடாமல் மழைக்குக் காத்திருங்கள். அந்தப் புல்லை அறுத்து மாட்டுக்குப் போடவும் வேண்டாம், அதில் நைட்ரேட் தேங்கியிருக்கக் கூடும்.

## புல் நிறைய இருக்கிறது, மாடு தின்ன மறுக்கிறது, பால் ஏறவில்லை

முதல் காரணம் முற்றல். உரமிட்ட புல் வேகமாக வளர்ந்து வேகமாகவே கதிர் தள்ளும். தண்டு நாராகி, புரதம் ஏறக்குறைய 7 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால், மாட்டின் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் அதைச் செரிக்கத் திணறும்; மாடு வயிறு நிறைந்ததுபோல் நின்றுவிடும். அளவு இருந்தும் தரம் இல்லை என்பது இதுதான். ஒரு கதிர்த் தண்டை முறித்துப் பாருங்கள்: சட்டென்று சாறோடு முறிந்தால் சரி, நார் இழுத்தால் பத்து நாளாவது தாமதித்துவிட்டீர்கள். பூங்கதிர் எட்டிப் பார்க்கும் தறுவாயில் மேயவிடவோ அறுக்கவோ வேண்டும். அந்த நேரத்தில் மேய்ச்சலுக்குத் தேவையானதைவிடப் புல் மிஞ்சினால், மிஞ்சியதை அறுத்து நிழலில் காயவைத்துப் போர் போட்டுவிடுங்கள். தை, மாசியில் அதன் அருமை தெரியும்.

இரண்டாவது, ஊசிப்புல். அதன் விதை மூக்கு மாட்டின் வாயில் குத்திப் புண்ணாக்கும். செம்மறியாட்டின் தோலுக்குள் ஏறிச் சீழ் வைக்கும். வாயைத் திறந்து நாக்கடியையும் உதட்டின் உட்புறத்தையும் பாருங்கள். புண் இருந்தால் மந்தையை மாற்றி, ஊசி முற்றும் முன்பே அந்தப் பகுதியை அறுத்துவிடுங்கள். யூரியா போன்ற தழைச்சத்து உரம் இந்தப் புல்லையும் வளர்க்கும் என்பதை மறக்க வேண்டாம்.

முற்றிய புல் ஏற்கெனவே போராக இருந்தால், நிலத்தில் இன்னொரு முறை யூரியா இடுவதைவிடப் போரில் இடுவது சிக்கனம். 100 கிலோ காய்ந்த புல்லுக்கு 4 கிலோ யூரியாவை 50 லிட்டர் தண்ணீரில் முழுதும் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்று புகாமல் தார்ப்பாய் மூடி 21 நாள் வைத்துப் பிரித்து, வாடை ஆறிய பிறகு வளர்ந்த மாடுகளுக்கு மட்டும் சிறிது சிறிதாகப் பழக்குங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு இது ஆகாது. முதல் முறை செய்கிறவர்கள் கால்நடை மருத்துவரையோ அறிவியல் நிலையத்தாரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வதே முறை.

## புல் பெருகியது, முயல் மசால் மறைந்தது

முயல் மசால் புல்லோடு வளரும் பயறு வகைத் தீவனச் செடி. அது மறைவது தழைச்சத்து உரம் மிகுந்த நிலத்தின் தெளிவான அடையாளம். யூரியா புல்லை ஓங்கச் செய்கிறது. ஓங்கிய புல்லின் நிழலில் பயறு வகைச் செடி வெளிச்சமின்றிச் சாகிறது. அதன்பின் அந்த நிலம் ஆண்டுதோறும் மூட்டையை எதிர்பார்த்து நிற்கும். முயல் மசால் நிலைத்து நின்றால் அதுவே காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து மண்ணில் சேர்க்கும், அதன் இலைப் புரதம் பாலுக்கும் போகும். மானாவாரியில் யூரியாவை நிறுத்தி, மணிச்சத்தையும் முயல் மசாலையும் நிலைக்கச் செய்வதே நான் முதலில் பரிந்துரைக்கும் வழி.

யூரியாவை நிறுத்திவிட்டு ஒரு முறை புல்லைத் தாழ மேய்த்து வெளிச்சம் விடுங்கள். மிஞ்சிய செடிகள் தேறினால் ஏக்கருக்கு 3 மூட்டை சூப்பர் பாஸ்பேட் போதும். அதிலுள்ள கந்தகமும் பயறு வகைக்கு உதவும். தேறவில்லையென்றால் மீண்டும் விதைக்க வேண்டும். முயல் மசால் விதையின் தோல் கெட்டி என்பதால் அப்படியே தூவினால் பெரும்பகுதி முளைக்காது. கொதித்து இறக்கிய நீர் சற்று ஆறியதும் விதையை நான்கு நிமிடம் போட்டு வடித்து, இரவு முழுதும் குளிர்ந்த நீரில் ஊறவைத்து நிழலில் உலர்த்தி, ஏக்கருக்கு 4 கிலோ தூவுங்கள். முதல் ஆண்டு விதை உதிரும் வரை ஆட்டை உள்ளே விடாதீர்கள்.

## களை மட்டும் செழிக்கிறது

பார்த்தீனியம் கண்ணில் பட்டால் பூக்கும் முன் கையுறை போட்டு வேரோடு பிடுங்க வேண்டும். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலைப்பக்கத்தில் உண்ணிச்செடி பரவிய நிலமானால், மேலே வெட்டுவது வீண். வேரின் கழுத்துக்குக் கீழே, மண்ணுக்குள் வெட்டிப் புரட்டினால்தான் மறுபடி துளிர்க்காது. பசியோடு உண்ணிச்செடியைத் தின்ற மாட்டுக்குக் கண் மஞ்சளாகி, வெயில் படும் தோல் வெந்து உரியும்; உடனே நிழலில் கட்டி மருத்துவரை அழையுங்கள்.

சீமைக் கருவேலம் புதிதாக முளைத்தால், கிடை போட்ட மந்தை எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். அதன் காயைத் தின்ற ஆட்டின் புழுக்கையில் விதை உயிரோடு வரும். ஆட்டுக்கிடை நம் கொல்லைகளுக்குக் கிடைக்கும் மிக நல்ல உரம், அதை விட்டுவிட வேண்டியதில்லை. அந்த மந்தையைச் சில நாள் கருவேலங்காய் இல்லாத இடத்தில் மேய்த்த பிறகு கிடை போடச் சொன்னால் போதும். களை நிலத்தின் பாதிக்கு மேல் பரவிவிட்டது என்றால் உரத்தை அறவே நிறுத்திவிட்டு, களைக்கொல்லி தேவையா, உழுது விதைப்பதா என்பதை வேளாண் அலுவலர் நிலத்தைப் பார்த்துச் சொன்ன பிறகு முடிவு செய்யுங்கள்.

## நல்ல புல்லில் மேய்ந்தும் மாடு எலும்பு, செருப்பு, மண் மெல்லுகிறது

மணிச்சத்துக் குறைந்த மண்ணில் வளர்ந்த புல்லைத் தின்னும் மாட்டுக்கு இது வரும். காட்டில் கிடக்கும் எலும்பை மெல்லும் மாட்டுக்குப் பொட்டுலிசம் என்ற உயிர்க்கொல்லி நஞ்சு ஏறும் ஆபத்து இருப்பதால், நிலத்தில் கிடக்கும் எலும்புகளைப் பொறுக்கிப் புதையுங்கள். நிலத்துக்கு இடும் மணிச்சத்து மாட்டின் உடம்பைச் சேர ஒரு பருவம் ஆகும். தாது உப்புக் கலவையை இன்றே தீவனத்தில் கலக்கலாம். குடற்புழு நீக்க மருந்தும் கொடுத்து மூன்று வாரம் பாருங்கள்.

விலை குறைவென்று உரக்கடை ராக் பாஸ்பேட்டை மாட்டுக்குத் தாது உப்பாகக் கொடுக்கக் கூடாது. அதில் ஃபுளோரைடு மிகுதி. நம் இரண்டு மாவட்டங்களின் நிலத்தடி நீரிலும் ஃபுளோரைடு கூடுதலாக இருப்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. மனிதருக்குக் காவிரி நீர் வந்துவிட்ட ஊர்களில்கூட மாடு பல இடங்களில் இன்னும் ஆழ்துளைக் கிணற்று நீரைத்தான் குடிக்கிறது. பற்களில் பழுப்புக் கறையும் தேய்மானமும், காலில் நொண்டலும் சேர்ந்து தெரிந்தால் மணிச்சத்துக் குறை என்று நீங்களே முடிவு கட்டாமல், தண்ணீரையும் மாட்டின் இரத்தத்தையும் பரிசோதிக்கக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.